மூன்றாம் எண்ணுக்கு நான் சொன்ன சரி

பனி என்றால் எனக்குத் தெரிந்தது மார்கழிப் பனி ஒன்றுதான். விடியற்காலையில் வரப்பில் நடந்தால் முழங்கால் வரை வேட்டி நனையும், மூக்கு ஒழுகும், எட்டு மணி வெயிலுக்கு எல்லாம் போய்விடும். பனியால் ஓர் ஆள் செத்தான் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பாகூர் பக்கத்தில் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு நெல்லும் கரும்பும் போடுகிற நான், ஆல்ப்ஸ் மலையில் பனி சரியுமா சரியாதா என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் தீர்ப்பு சொன்னேன். சொல்லும்போது எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் பிறகுதான் வந்தது. வந்தது இன்னும் முழுசாகப் போகவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். வில்லியனூரில் கொடுத்தோம். மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் அந்தக் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. கல்யாணம் முடிந்து ஒரு வருடத்துக்குள் இருவரும் அங்கே போய்விட்டார்கள். பிரான்ஸ் என்றதும் நான் பாரீசை நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லியும் விட்டேன். கடைசியில் அவர்கள் போய்ச் சேர்ந்தது மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். மாப்பிள்ளைக்கு ஓட்டலில் சமையல் வேலை, மகளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. வீடியோவில் பேசினால் அவர்கள் சன்னலுக்கு வெளியே எப்போதும் ஒரு வெள்ளை மலை தெரியும். என் மனைவி திருவண்ணாமலை நினைப்பில் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

நான் கொஞ்சம் கெடுபிடியான ஆள். மகள் பள்ளிக்கூடத்தில் கொடைக்கானல் சுற்றுலா என்றாள், வேண்டாம் என்றேன். வீராம்பட்டினம் தேருக்குத் தோழிகளோடு போகிறேன் என்றாள், வேண்டாம். ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றாள், அதற்கும் வேண்டாம். ஏன் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் பல சமயம் என்னிடம் காரணம் இருக்காது. ஏதோ வயிற்றுக்குள் ஒரு பயம், அதை அப்பா என்கிற அதிகாரமாக மாற்றிச் சொல்லிவிடுவேன்.

அந்த வருடம் பொங்கலன்று வீடியோவில் பேசும்போது மாப்பிள்ளை விளையாட்டாக ஒன்று சொன்னார். உங்கள் பெண் வந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது, பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டிப் பனியில் கால் வைத்ததில்லை என்றார். எல்லாரும் சிரித்தோம். போனை வைத்ததும் என் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். எதற்கெடுத்தாலும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி வளர்த்ததால்தான் பிள்ளை இப்படிப் பயந்து சாகிறது என்றாள். நாளும் கிழமையுமாக அப்படிக் கேட்டது எனக்குச் சுருக்கென்று இருந்தது. இனிமேல் எதற்கும் வேண்டாம் என்று சொல்வதில்லை என்று மனதுக்குள் முடிவு எடுத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. சொன்னால் அவள் ஜெயித்ததாக ஆகிவிடும்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு மகளிடமிருந்து போன். அங்கே நாலரை மணி நேரம் பின்னால், அதனால் அவளுக்குக் காலை பத்து மணி. வேலைக்கு நடுவே டீ குடிக்கிற நேரம். நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். மறுநாள் அறுவடை மிஷின் வருவதாக இருந்ததால் என் யோசனை எல்லாம் அதில்தான்.

"அப்பா, நாளைக்கு மலைக்கு மேல நடக்கப் போலாம்னு சொல்றாரு. அவுரு கூட வேலை செய்றவங்க ரெண்டு பேரும் வராங்க. போவட்டுமா?" என்றாள்.

கட்டிக்கொடுத்த பெண், கடல் கடந்து போய் இருக்கிறவள், அப்பனைக் கேட்கிறாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை வந்தால் நான் ஆபீசர் மாதிரி ஆகிவிடுவேன். எங்கே, எவ்வளவு தூரம், காலில் என்ன போடுவீர்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன். பனியில் கால் புதையாமல் இருக்கச் செருப்புக்கு அடியில் அகலமாக ஒன்றைக் கட்டிக்கொள்வார்களாம். மூன்று நாளாகக் காற்றும் பனியுமாகக் கொட்டித் தீர்த்ததாம், இன்றைக்குத்தான் வெளுத்திருக்கிறதாம். வானம் அப்படி நீலமாக இருக்கிறது என்று ஒரு போட்டோவும் அனுப்பினாள். கூடவே இன்னொரு படம். அங்கே குளிர்காலம் முழுக்க மலைக்கென்று தனியாகத் தினமும் ஓர் அறிக்கை போடுவார்களாம், பனி சரிகிற ஆபத்து எவ்வளவு என்று. ஒரு மலையை வரைந்து, அடிவாரத்துக்கு ஒரு நிறம், உச்சிக்கு ஒரு நிறம், நடுவே ஓர் எண் போட்டிருந்தது.

"இன்னா நம்பரு?" என்று கேட்டேன்.

மூன்று என்றாள்.

நான் சிரித்தேன். புதுச்சேரியில் இருக்கிற எவனும் சிரித்திருப்பான். ஐப்பசி கார்த்திகையில் மாசத்துக்கு இரண்டு தடவை செய்தியில் சொல்வார்கள், புதுச்சேரித் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று. கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவோம். அந்தக் கூண்டு பதினொன்று வரைக்கும் இருக்கிறது. ஐந்துக்கு மேல் போனால் பம்புசெட் கொட்டகைக் கூரையைக் கட்டுவோம், எட்டுக்கு மேல் போனால் மாட்டை அவிழ்த்துவிடுவோம், பத்து என்றால் சாமியைக் கூப்பிடுவோம். மூன்றுக்குப் பள்ளிக்கூடம்கூட லீவு விடமாட்டார்கள்.

"மூணாம் நம்பருக்கெல்லாம் நாங்க நாத்தே நட்டிருக்கோம். அதான் வெளுத்துப் போச்சே, வெயில் அடிக்குதே, அப்புறம் இன்னா? தாராளமா போய்ட்டு வாம்மா" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"நெசமாவா சொல்ற?" என்றாள்.

நான் மாறிவிட்டேன் என்று அவளால் நம்ப முடியவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். நெசம்தான், மாப்பிள்ளையோடு சந்தோஷமாகப் போய் வா, போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். சரிப்பா என்று வைத்துவிட்டாள். நான் மனைவியைக் கூப்பிட்டு, உன் மகளுக்கு மலையேற அனுமதி கொடுத்தாயிற்று, இனிமேல் என்மேல் பழி போடாதே என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மிஷின் பத்து மணிக்கு வருகிறேன் என்றது பதினொன்றரைக்குத்தான் வந்தது. நெல்லைக் கொட்டுவதற்கு ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து, மனைவியும் நானும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பேச்சுவாக்கில் அவள் அந்த மலைப் படத்தைக் காட்டச் சொன்னாள். போனைக் கொடுத்தேன். அவள் பதினைந்து வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுத்தவள். ஒரு மதிப்பெண்ணைப் பார்த்தால், எத்தனைக்கு எத்தனை என்று பார்க்காமல் விடமாட்டாள். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள், நகர்த்தினாள், மறுபடியும் பெரிதாக்கினாள்.

"ஏங்க, இது அஞ்சுக்கு மூணுன்னு போட்டிருக்குது" என்றாள்.

அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லிப் போனை வாங்கிப் பார்த்தேன். மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு சாய்ந்த கோடு, அதற்கு அந்தப் பக்கம் ஐந்து. நேற்றும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. பதினொன்றில் மூன்று என்று நினைத்துக்கொண்டிருந்தவன் கண்ணுக்கு அந்த ஐந்து தட்டுப்படவே இல்லை.

தோற்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஐந்தில் மூன்று என்றாலும் நடுவில்தானே, பரீட்சையில் பாஸ் ஆகிற மார்க்குதானே என்று வாதாடினேன். இது பாஸ் மார்க் இல்லை, ஆபத்து மார்க், ஆபத்தில் பாஸ் பண்ணினால் நல்லதா கெட்டதா என்று அவள் கேட்டாள். அந்தப் படத்துக்குக் கீழே பிரெஞ்சில் நிறைய எழுதியிருந்தது. போனிலேயே அதைத் தமிழாக்கும் வசதி இருக்கிறது, அதைத் தட்டினோம். தட்டியிருக்கவே வேண்டாம்.

அதில் வந்த தமிழ் எப்படிப்பட்ட தமிழ் என்று சொல்லி முடியாது. பழைய பனிக்குள் நிலைத்திருக்கும் பலவீனமான அடுக்கு என்று இருந்தது. காற்றால் செய்யப்பட்ட தட்டுகள் என்று இருந்தது. நிழல் சரிவுகளில் சர்க்கரை போன்ற தானியங்கள் என்று இருந்தது. மலையில் யார் சர்க்கரையைக் கொட்டினார்கள் என்று இருவரும் முழித்தோம். ஒரு வரி மட்டும் பளிச்சென்று புரிந்தது. தனி ஒரு மனிதரின் பாரமே போதுமானது என்று இருந்தது. எதற்குப் போதுமானது என்று அடுத்த வரியில் தேடினேன். பனி கிளம்பி வருவதற்கு.

நான் வேறு இடங்களிலும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குத் தெரிந்ததெல்லாம் தலைகீழாகப் போனது. நமக்குப் புயல் கடந்து வெயில் அடித்தால் ஆபத்து முடிந்தது. அங்கே பனி கொட்டி முடித்து வெயில் அடிக்கிற முதல் நாள்தான் மோசமான நாள். நமக்கு மழை அதிகம் பெய்த வருடம் பயம். அங்கே குளிர்காலத் தொடக்கத்தில் பனி கொஞ்சமாகப் பெய்தால்தான் பின்னால் பயம். மெலிதாகக் கிடக்கிற பனி கடும் குளிரில் உதிரி உதிரியாகச் சர்க்கரை மாதிரி ஆகிவிடுமாம், அதன்மேல் புதுப் பனி விழுந்து பலகை மாதிரி உட்காருமாம், அடியில் பிடிப்பு இருக்காதாம். குளிர்ந்தால் இறுகும் என்றுதானே நாம் நினைப்போம். இன்னொரு இடத்தில், ஐந்து என்றால் யாரும் போவதில்லை, மூன்று என்றால் துணிந்து போகிறார்கள், அதனால் மூன்றில்தான் நிறையப் பேர் சிக்குகிறார்கள் என்று இருந்தது. துணிந்து போகச் சொன்னது நான்.

அப்போது மணி பன்னிரண்டரை. அங்கே காலை எட்டு. மகளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் போட்டேன், அவர்கள் மொழியில் ஒரு பெண் ஏதோ சொன்னாள். "போவாத, திரும்பி வா" என்று எழுதி அனுப்பினேன். அதற்குப் பக்கத்தில் ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது டிக் விழவில்லை. என் மனைவி தார்ப்பாயின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வில்லியனூருக்குச் சம்பந்திக்குப் போன் செய்தேன். அவர் அங்கே இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். எதைச் சொன்னாலும் முதலில் பா து ப்ரொப்ளேம் என்பார். ஒன்றும் பிரச்சினை இல்லை என்று அர்த்தமாம். அன்றைக்கும் அதையே சொன்னார். அவர் இருந்தது சமவெளியில், பனிமலையைப் போஸ்டரில் பார்த்ததுதான் என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டுக்கொண்டேன். மலைக்குப் போகிறவர்கள் மார்பில் ஒரு சின்னக் கருவி கட்டிக்கொள்வார்கள், பனியில் புதைந்துவிட்டால் அது சிக்னல் கொடுக்கும், கூட வந்தவர்கள் அதைக் கண்டுபிடித்துத் தோண்டி எடுத்துவிடுவார்கள், பெரிய விபத்து என்றால் ஹெலிகாப்டர் வரும், அதனால் கவலையே வேண்டாம் என்றார். ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். புதைந்தால் கண்டுபிடிக்க ஒரு கருவி கட்டிக்கொண்டு போகிற இடத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் கருவி என் மகளுக்கு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கும் என்றார். இருக்கும் என்பதற்கும் இருக்கிறது என்பதற்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

வயலில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் வரப்பில் நின்று போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, சிக்னல் குறைவதால்தான் இரண்டாவது டிக் விழவில்லையோ என்று இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தேன். டிரைவர் கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆள், எங்கள் வயலுக்குப் புதிது. நான் கை காட்டுகிறேன் என்று நினைத்து மிஷினைத் திருப்பிப் பக்கத்து வயலில் இறக்கிவிட்டார். இரண்டு நடை அறுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து வயல்காரர் ஓடிவந்து என்னைப் பிடித்துக் கத்தினார். அவர் நெல் இன்னும் ஒரு வாரம் நிற்க வேண்டியது. நான் அவரைப் பார்த்து, அஞ்சுக்கு மூணுன்னா உங்களுக்கு இன்னா தோணுது என்று கேட்டேன். அவர் கத்துவதை நிறுத்திவிட்டு என் மனைவியைப் பார்த்தார். அவள் கையெடுத்துக் கும்பிட்டு அவரைச் சமாதானப்படுத்தினாள்.

நெல்லை ரோட்டோரத் தார்ப்பாயில் கொட்டியதும் ஆள் உயரத்துக்குக் குவியல் நின்றது. எனக்கு அந்தத் தனி மனிதரின் பாரம் என்பது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. குவியலின் அடியில் காலை வைத்து அழுத்தினேன். மேலிருந்து நெல் சலசலவென்று இறங்கிக் கணுக்காலை மூடியது. இது எனக்குத் தெரிந்ததுதான், இதில் என்ன பயம் இருக்கிறது, உதறினால் போகிறது. பிறகு குவியலின் ஒரு பக்கத்தில் இன்னொரு தார்ப்பாயை மூடி, அதன்மேல் இரண்டு மூட்டையைச் சாய்த்து வைத்தேன். அசையாமல் நின்றது. உச்சியில் கை ஊன்றிக் குவியல்மேல் ஒரு காலை வைத்தேன். தார்ப்பாய், மூட்டை, நான், எல்லாம் ஒரே வீச்சில் ஒன்றாகக் கீழே வந்தோம். எங்கிருந்து கிளம்பியது என்று பார்க்கக்கூட நேரம் இல்லை. மூட்டை தூக்க வந்திருந்த ஆட்கள் சிரித்தார்கள். நான் ரோட்டில் உட்கார்ந்தபடி, பலகை மாதிரி வருமாம், அடியில் பிடிப்பு இருக்காதாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். புரிந்ததா என்றால் பாதி புரிந்தது. அந்தப் பாதி போதும் என்று ஆனது.

மனைவி என்னை எழுப்பி வேட்டியைத் தட்டிவிட்டாள். "பொங்கலன்னைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். அவள் அதைச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்மேல் பழி போடலாம் என்று மத்தியானத்திலிருந்து எனக்கு ஓர் ஆசை இருந்தது. அவளே எடுத்துக்கொண்ட பிறகு அதற்கும் வழி இல்லை.

மூன்று மணி ஆனது, நாலு ஆனது. நடுவில் ஒரு தடவை, ஒன்றும் ஆகியிருக்காது, நாம்தான் வீணாகக் குழம்புகிறோம் என்று தோன்றும். அடுத்த நிமிடம் அந்த ஒற்றை டிக்கைப் பார்ப்பேன், மறுபடியும் போன் போடுவேன். மாரியம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொள்ளலாம் என்றால் என்னவென்று வேண்டுவது என்று தெரியவில்லை. மாரியம்மனிடம் எப்போதும் நாங்கள் குளிர்ச்சியைத்தான் கேட்போம்.

ஆறரை மணிக்குப் போன் வந்தது. மகள்தான். காருக்குத் திரும்பிவிட்டோம், எல்லாரும் நல்லா இருக்கிறோம், அங்கே டவர் கிடைக்கவில்லை, பிறகு பேசுகிறேன் என்று நாலு வார்த்தையில் முடித்துவிட்டாள். பின்னால் மாப்பிள்ளையின் குரல் உற்சாகமாகக் கேட்டது. நான் சரிம்மா, சரிம்மா என்று ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு பசித்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் திங்கட்கிழமை மத்தியானம், அவளுடைய டீ நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டாள். வேலை செய்கிற இடத்தில் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து பேசினாள். நடந்ததை அப்போதுதான் முழுசாகச் சொன்னாள்.

மேலே போய் ஒரு சரிவின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். பிறகு இன்னும் கொஞ்சம் தூரம் குறுக்கே நடந்திருக்கிறார்கள். அப்போது காலுக்கு அடியில், பெரிய கதவை உள்ளே எங்கேயோ அடைக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். அதோடு பனித்தரை ஒரு விரல் அளவு கீழே இறங்கியதாம். முன்னால் போனவர் கையைத் தூக்கி நிறுத்தினார். எல்லாரும் அப்படியே நின்றார்கள். அவர்கள் நின்ற இடத்தில் ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்குப் பின்னால், நூறு இருநூறு அடி தள்ளி, சரிவில் ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்குக் கீழே இருந்ததெல்லாம் துண்டு துண்டாக உடைந்து இறங்கிப் போனது. புகை மாதிரி எழுந்து அடங்கிய பிறகு பார்த்தால், அவர்கள் நடந்து வந்த தடம் பாதியில் நின்றது. உட்கார்ந்து சாப்பிட்ட இடமே இல்லை.

ஒருத்தர் நின்ற இடத்துக்கும் சரிந்த இடத்துக்கும் அவ்வளவு தூரம் இருந்தால் அவர்கள் பாரத்தால் எப்படிச் சரியும் என்று நான் கேட்டேன். எனக்கு உண்மையிலேயே அது விளங்கவில்லை, இன்றுவரை விளங்கவில்லை. அடியில் இருக்கிற அடுக்கு ஒரு இடத்தில் உடைந்தால் அந்த உடைசல் வெகுதூரம் ஓடுமாம். அதை அந்த முன்னால் போனவர் பிறகு விளக்கினாராம். அப்புறம் ஒவ்வொருத்தராக, நடுவில் நிறைய இடம் விட்டு, வேறு வழியாக இறங்கி வந்திருக்கிறார்கள். மார்பில் கருவி இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றாள். அதில் எனக்கு ஓர் ஆறுதல் வந்தது, அது எதற்கு வந்தது என்று தெரியவில்லை.

நான் கூண்டு எண்ணைப் பற்றிச் சொன்னேன். பதினொன்றில் மூன்று என்று நினைத்துவிட்டேன், ஐந்து கண்ணில் படவில்லை, என்னை மன்னித்துவிடு என்றேன். மகளிடம் மன்னிப்புக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அஞ்சுக்கு மூணுன்னு எனக்குத் தெரியும்ப்பா என்றாள். ரெண்டு குளிர்காலமாகத் தினமும் அந்தப் படத்தை முதியோர் இல்லத்து வாசலில் ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போகிறாளாம்.

தெரிந்திருந்தும் எதற்கு என்னைக் கேட்டாய் என்று கேட்டேன். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நீ வேணாம்னு சொல்லுவேன்னுதாம்ப்பா கேட்டேன். எல்லாத்துக்கும் வேணாம்பியே, இதுக்கு மட்டும் ஏம்ப்பா சரின்ன?"

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாப்பிள்ளை கெட்டவர் இல்லை, ஆசைப்பட்டுக் கூப்பிட்டார். கூட வருகிறவர்களுக்கு முன்னால், எனக்குப் பயமாக இருக்கிறது, நான் வரவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அப்பா ஒத்துக்கலை என்று சொல்லிவிட்டால் யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சில தடவை செய்திருக்கிறாளாம். கொடைக்கானல் போக அவளுக்கே இஷ்டம் இல்லை என்று அன்றைக்குத்தான் சொன்னாள். பஸ்ஸில் வாந்தி வரும் என்று பயமாம். இத்தனை வருடம் நான் அவள்மேல் செலுத்தியதாக நினைத்த அதிகாரத்தை அவள் குடை மாதிரி பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள், இப்படி நீங்களே மகளுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தால் அவள் எப்போதுதான் தானாகச் சொல்லக் கற்றுக்கொள்வாள் என்றாள். அதுவும் சரியாகத்தான் இருந்தது. நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, அவளுக்கு அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வராமல் போய்விட்டதோ என்று நினைத்தேன். ஆனால் அதைக் கற்றுக்கொள்கிற இடம் அந்த மலையா என்றும் தோன்றியது. அந்த வாரம் முழுக்க நெல் காயவைத்துக்கொண்டே தினமும் அந்த அறிக்கையைப் படித்தேன். வடக்குப் பார்த்த சரிவு, பழைய பனி, காற்றுத் தட்டு என்று எல்லாச் சொல்லும் பழகிவிட்டன. பொருள் மட்டும் பழகவில்லை. ஒரு நாள் சரியாகப் பிடிபட்ட மாதிரி இருக்கும், மறுநாள் வெயில் ஏறியதால் ஆபத்து குறையும் என்று ஒரு வரியும், வெயில் ஏறியதால் ஆபத்து கூடும் என்று இன்னொரு வரியும் ஒரே பக்கத்தில் இருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. இந்தத் தடவை அவள் வீட்டிலிருந்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பது தெரிந்தது. பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா, நாளைக்கு வேற பக்கம் போலாம்னு சொல்றாரு. அது அவ்ளோ சரிவு இல்லியாம். போவட்டுமா?" என்றாள்.

போன வாரம் கேட்ட அதே குரல்தான். போன வாரமும் இது கேள்வியாக இருக்கவில்லை என்பது இப்போதுதான் என் காதில் விழுந்தது. மனைவி அடுப்பங்கரையிலிருந்து வந்து கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். அவள் என்ன சொல்லச் சொல்கிறாள் என்று அவள் முகத்தில் தேடினேன். அவளுக்கும் தெரியவில்லை.

"வேணாம்" என்றேன். பழைய குரலிலேயே, கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

"அப்பா வேணாங்கிறாரு" என்று அவள் மாப்பிள்ளையிடம் சொன்னாள். எவ்வளவு சத்தமாக, எவ்வளவு லேசாகச் சொன்னாள். அவர் ஏதோ முணுமுணுத்தார், பிறகு சரி மாமா, விடுங்க என்று சிரித்தார். அன்றைக்கு அந்தப் பக்கத்துக்கு என்ன எண் போட்டிருந்தது என்று நான் கேட்கவே இல்லை.